கேப்டன் வைகுண்டநாதனை இறக்கிவிட்ட மலை

மேலே போகிற மண்பாதையை ஓர் ஐப்பசி மழை தின்று ஏப்பம் விட்டதும், புதுப்பாதை போட வந்தவர்கள் அடிக்கல்லை மட்டும் நட்டு அதற்கு ஒரு மாலையும் போட்டுவிட்டுப் போனதும், அந்தக் கல்லைச் சுற்றிப் புல் முளைத்துப் புல்லை மாடு மேய்ந்த பிறகு எந்தப் புண்ணியவானுக்கோ மனம் இரங்கிக் கவுதாரிமேட்டுக்கு ஆகாய வழியாகப் போக்குவரத்து வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகள். தெரியாத சங்கதி ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் தெரிந்து, கேப்டன் வைகுண்டநாதனுக்கு மட்டும் தெரியாத சங்கதி.

கவுதாரிமேட்டு ஓடுதளம் என்பது பூண்டு காயப்போடவே கொஞ்சம் யோசிக்க வேண்டிய அளவுக்குச் சரிந்த ஒரு புல்தரை. அதன் கீழ்முனையில் அதலபாதாளம், மேல்முனையில் செங்குத்துப் பாறை. விமானம் பள்ளத்திலிருந்து மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும், மேட்டிலிருந்து பள்ளத்தைப் பார்த்து ஏற வேண்டும். இறங்குவதற்கு ஏறவும் ஏறுவதற்கு இறங்கவும் வேண்டிய அந்த விபரீதத்தைப் பார்க்க வந்த விமானிகளெல்லாம் மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு, தாங்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள் என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். கடைசியில் கம்பெனி வைகுண்டநாதனை அனுப்பியது. அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. ஆனால் வேறு எந்த ஓடுதளத்திலும் அவரை இறக்கவிடக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. போன இடத்திலெல்லாம் சக்கரத்தை நெளித்தார், இறக்கையை உரசினார், ஒருமுறை பக்கத்திலிருந்த கரும்புத் தோட்டத்தை ஓடுதளம் என்று நினைத்துக்கொண்டார். போதாக்குறைக்குப் பெயர் வேறு. வைகுண்டநாதன் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டாலே, நேராக அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார் என்று சொல்லிப் பாதிப் பேர் பஸ்ஸில் போனார்கள்.

அவர் முதல்முதலாக வந்த செவ்வாய்க்கிழமை ஊரே ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றிருந்தது. ஓடுதளத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் பொம்மக்கா. மாட்டை விரட்டுவது, கொடி அசைப்பது, பூண்டு மூட்டை நிறுக்கிற தராசில் பயணிகளையும் ஏற்றி நிறுத்து, நீங்க ஒரு மூட்டைக்கு மேல இருக்கீங்க என்று பெரிய மனுஷர்களிடமும் முகத்துக்கு நேராகச் சொல்வது எல்லாம் அவள் வேலை. கொடியைத் தூக்கியவள் பள்ளத்தைப் பார்த்தாள். விமானம் தெரிந்தது, ஆனால் அவள் காலுக்கும் கீழே தெரிந்தது. மலையின் விளிம்புக்கு மேலே வரவேண்டிய மூக்கு விளிம்புக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மூச்சுவிடும் நேரத்தில் பாறையில் மோதி அப்பளமாகும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில், பந்தியில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்காமலே பக்கத்தில் வருகிறவருக்கு இடம் விடுவாரே, அது மாதிரி மலை ஒரு அசைவு அசைந்தது. விளிம்பைத் தாழ்த்தி, கொஞ்சம் முன்னுக்கு வந்து, கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி, ஓடுதளத்தைக் கொண்டுபோய் அந்தச் சக்கரங்களுக்கு அடியில் பதமாக வைத்தது. விமானம் பூ உதிர்கிற மாதிரி இறங்கியது. உள்ளே கண்ணை இறுக மூடியிருந்த பயணிகளைத் தட்டி, இறங்கியாயிற்று என்று சொல்ல வேண்டியிருந்தது.

கண்ணை மூடியிருந்தவர்களில் கேப்டனும் ஒருவர். திறந்து பார்த்துவிட்டு, நானா இது என்று நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, நான்தான் என்று நினைத்தார். கீழே இறங்கும்போது கறுப்புக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மலை ஏன் நகர்ந்தது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. பெய்யாத மழை ஏன் பெய்யவில்லை என்பதையும் அவர்கள் கேட்டதில்லை. எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கேள்வி. அதனால் செவ்வாயும் வெள்ளியும் விமானச் சத்தம் கேட்டதும் பெண்கள் அடுக்கில் இருந்த பானைகளை இறக்கித் தரையில் வைத்தார்கள், மாடுகளைக் கயிறு குட்டையாக இழுத்துக் கட்டினார்கள், சவரம் செய்கிறவர் கத்தியை மடக்கினார், பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஜோசியர் முகூர்த்தம் குறிக்கும்போது ராகு காலம், எமகண்டத்தோடு கேப்டன் காலம் என்று ஒன்றையும் சேர்த்துக் கழித்தார். தொட்டில்கள் தாமாகவே ஆட, கைக்குழந்தைக்காரிகள் அந்த நேரம் பார்த்து ஒரு குட்டித் தூக்கம் போட்டார்கள். மலை ஒதுங்குகிற ஒதுங்கலில் ஒரு பேரிக்காய் மரம் இந்த வேலியிலிருந்து அந்த வேலிக்குள் போய் நின்றுகொள்ளும். முதல் தடவை அரிவாளைத் தூக்கினார்கள். பிறகு ஊர்த்தலைவர் சன்னாசி, மரம் யார் வேலிக்குள் நிற்கிறதோ பழம் அவருக்கு, அடுத்த விமானம் வருகிறவரைக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து கேப்டன் எந்தப் பக்கம் கோணிக்கொண்டு வருகிறார் என்று பார்ப்பதில் இரண்டு குடும்பங்களுக்கு அளவு கடந்த அக்கறை வந்தது. நிலம் அளக்க வந்த சர்வேயர் ஒருவர், காலையில் அளந்த நிலம் மத்தியானத்தில் வேறு கணக்குச் சொல்வதைப் பார்த்து, மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கேப்டனிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று சிலர் கிளம்பினார்கள்தான். ஆனால் அவர் இறங்கி வந்து, டீயை வாங்கிக்கொண்டு, மலைக்கு மரியாதை குடுக்கணும், ஆனா பயப்படக் கூடாது என்று அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாருக்கும் வாய் வரவில்லை. தவிர, சொல்லிவிட்டால் வராமல் போய்விடுவாரோ என்ற பயமும் இருந்தது. ஊர் தலையாட்டியது. கேப்டன் மீசை வளர்த்தார். கீழே சமவெளியில் ஒரு கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மேடையில் கண்ணை மூடி, வலது கையைக் காற்றில் மிதக்கவிட்டு, எல்லாம் இந்தக் கையில்தான் இருக்கிறது என்று அவர் சொல்லப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இப்படியே போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சக்கரம் ஒன்று காற்றிறங்கிப் போய், விமானம் கவுதாரிமேட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. மாற்றுச் சக்கரத்தை இன்னொரு விமானத்தில் மறுநாள் காலை அனுப்புவதாகக் கம்பெனி சொன்னது. அதை ஓட்டி வருகிறவள் ரோஸ்லின் என்று ஒரு தூத்துக்குடிக்காரப் பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கேப்டனுக்கு அவளை நினைத்து உண்மையாகவே கவலையாக இருந்தது. பாவம், பயந்து திரும்பிப் போனாலும் வெட்கப்பட வேண்டியதில்லை என்று அவளிடம் எப்படி இதமாகச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே ஓடுதளத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

விமானச் சத்தம் கேட்டது. கேப்டன் ஊரைத் திரும்பிப் பார்த்தார். யாரும் பானையை இறக்கவில்லை. சவரக்கத்தி ஒருவர் தாடையில் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கட்டாத மாடு ஒன்று வேலியோரம் நிதானமாக அசைபோட்டது. மாடு கட்டுவதும் பானை இறக்குவதும் விமானத்துக்கு ஊர் செய்கிற மரியாதை என்று அதுவரை நினைத்திருந்த கேப்டன், அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதைச் செய்யாமல் விடுவது நியாயமில்லை என்று பெரிய மனதோடு பொம்மக்காவிடம், "மாட்டக் கட்டலையாக்கா?" என்று கேட்டார்.

பொம்மக்கா கண்ணை விமானத்தின் மேல் வைத்திருந்தவள், அந்தக் கவனத்திலேயே சொல்லிவிட்டாள்.

"இதுக்கு எதுக்குத் தம்பி? அந்தப் பொண்ணு தானா எறங்கிக்கும்."

ரோஸ்லின் இறங்கினாள். பூ உதிர்கிற மாதிரியெல்லாம் இல்லை. சக்கரம் தரையில் மோதுகிற சத்தம் கேட்டது, புல் பெயர்ந்தது, விமானம் குலுங்கிக்கொண்டே மேடேறி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. தரை தரையாகக் கிடந்தது. கேப்டன் அத்தனை நாளும் வெளியிலிருந்து ஒரு விமானம் அங்கே இறங்குவதைப் பார்த்ததில்லை.

"அப்ப நான்?" என்றார்.

சவரம் செய்கிறவர் கத்தியைத் துடைத்தார். சன்னாசி செருமினார். பொம்மக்கா கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் செவ்வாய்க்கிழமையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்லியும் அது மெத்தென்று இறங்கவில்லை. கேப்டனுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு ஒவ்வொரு இறங்கலாக நினைத்துப் பார்த்தார், நினைக்க நினைக்கக் கோபம் வைக்க இடமில்லாமல் போயிற்று. கல்லூரி மேடையில் மிதக்கவிட்ட வலது கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் நுழைத்துக்கொண்டார். சக்கரம் மாட்டியதும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். பள்ளத்தைப் பார்த்து உருண்டால் விமானம் தானே எழும்பும். விழுவதற்கு யார் தயவும் வேண்டியதில்லை என்று போகும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கீழே போய், கண்பார்வை மங்குகிறது என்று கம்பெனியிடம் சொன்னார். ரொம்ப வருஷமாக அதைக் கேட்கக் காத்திருந்த கம்பெனி அவர் வாயை மூடுவதற்குள் பெட்டி நிறுக்கிற இடத்தில் ஒரு நாற்காலியைக் கொடுத்தது. அவர் மீசையை எடுத்தார். வீட்டில் ஒரு வாரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்பது அவருக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது.

ரோஸ்லின் மேலே போய் வந்தாள். மலை அவளுக்கு ஒரு இடைஞ்சலும் செய்யவில்லை, ஓர் உபகாரமும் செய்யவில்லை. ஆனால் அவள் இறங்கி முடித்த பிறகு விளிம்பை நீட்டிப் பள்ளத்தை ஒரு பார்வை பார்த்தது. அடுத்த வெள்ளி இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தது. அடுத்த செவ்வாய், பஸ்ஸில் வருவதாகச் சொன்ன பிள்ளை வராமல் போன தாய் சாலையில் இறங்கி நின்று பார்ப்பாளே, அப்படி உடம்பையே முன்னுக்குச் சாய்த்துப் பார்த்தது. பார்த்துவிட்டுப் பழையபடி நிமிரவில்லை. கவுதாரிமேட்டில் தட்டில் ஊற்றிய சாம்பார் ஒரு பக்கமாக ஒதுங்கியது. டீக்கடையில் முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்ற முடியாமல் போக, கடைக்காரர் அதையே முழு டம்ளர் என்று சாதித்தார். மாரியம்மன் கோவில் மணியின் நாக்கு ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு அடிக்க மறுத்தது. பிள்ளைகள் கோலி விளையாடுவதை விட்டார்கள், ஏனென்றால் எல்லாக் கோலியும் பள்ளத்துக்கே போயிற்று. பள்ளிக்கூடச் சுவரில் கீறல் விட்டு, அந்தக் கீறல் வாரம் தவறாமல் வளர்ந்தது. ரோஸ்லின் வருவதை நிறுத்தினாள். ஓடுதளம் ஒரே இடத்தில் கிடந்தால் இறங்குவேன், அது யாரையோ தேடிக்கொண்டு அலைந்தால் நான் எங்கே போய் இறங்குவது என்று அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

ஊர் கூடிப் பேசியது. சன்னாசி ஒரு யோசனை சொன்னார்: வைக்கோலைத் திணித்து ஒரு கேப்டன் செய்து, கறுப்புக்கண்ணாடி மாட்டி, மீசை ஒட்டி ஓடுதளத்தில் நிறுத்தலாம். நிறுத்தினார்கள். மலை அதை அரை நாள் பார்த்தது, பிறகு லேசாக ஒரு உலுக்கு உலுக்கிப் பள்ளத்தில் தள்ளியது. மலைக்குச் சன்னாசியைவிடக் கொஞ்சம் விவரம் கூடத்தான் என்று ஊர் ஒத்துக்கொண்டது, சன்னாசியும் சேர்ந்தே ஒத்துக்கொண்டார். அதன்பின் பொம்மக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, மழை தின்ற பாதையில் மிச்சமிருந்த இடங்களில் நடந்தும் மிச்சமில்லாத இடங்களில் சறுக்கியும் கீழே போனாள்.

விமான நிலையத்தில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த மனிதரை மீசை இல்லாமல் அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவருக்கு அவளைத் தெரிந்தது. தெரிந்ததும் குனிந்து, ஒட்டிய சீட்டையே மறுபடியும் ஒட்டினார். அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். சாம்பாரைச் சொன்னாள், மணியைச் சொன்னாள், சுவரைச் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு வாரம் இப்படியே எட்டிப் பாத்துச்சுன்னா ஊரோட சேந்து கீழ விழுந்துரும் தம்பி."

"நான் தொலைஞ்சா அதுக்கு நிம்மதின்னுல்லக்கா நெனச்சேன். எத்தன தடவ என்னத் தாங்கிருக்கும்."

"பாசமோ பழக்கமோ, அது நமக்கு எங்க தெரியுது. தேடுது."

வைகுண்டநாதன் கையிலிருந்த சீட்டைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"எனக்கு வண்டிய எறக்கத் தெரியாதுக்கா. இத வாய்விட்டுச் சொல்றது இதான் முதல் தடவ."

"எங்க ஊர்ல மட்டும் யாருக்கு என்ன தெரிஞ்சுபோச்சு? பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து பூண்டு போடுறோம், ஒரு பாத்தி நேரா வந்ததில்ல. நீங்க வந்தப்புறம், கேப்டன் வந்து மலைய அசைச்சுட்டாரு, அதான் கோணிப்போச்சுன்னு பழிய உங்க மேல போட்டு நிம்மதியா இருந்தோம். இப்ப நீங்களும் இல்ல, பாத்தி மட்டும் கோணலாவே கெடக்கு. ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க முடியல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கவுதாரிமேட்டிலிருந்து வந்தபிறகு வந்த முதல் சிரிப்பு அது, வரிசையில் நின்றவர்கள் தங்கள் பெட்டியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாரோ என்று சந்தேகப்பட்டார்கள். அன்றைக்கே மேனேஜரிடம் போய், கண்ணுக்கு ஒன்றும் இல்லை, பயணி ஒரே ஆள்தான், அவரும் சம்மதித்துத்தான் வருகிறார் என்று சொல்லி விமானத்தைக் கேட்டார். மேனேஜர் பொம்மக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, தெரிந்துதான் ஏறுகிறீர்களா என்று விசாரித்தார். தெரியும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டார்கள். பொம்மக்கா முன்னால் அவர் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தாள். மேகம் விலகி மலை தெரிந்தபோது அது சாய்ந்திருந்த சாய்வுக்கு ஏற்ப வைகுண்டநாதனும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மலையும் அவரைப் பார்த்தது. பார்த்ததும் நிமிர்ந்தது, ஊரில் அத்தனை தட்டுகளிலும் சாம்பார் நடுவுக்குத் திரும்பியது. நிமிர்ந்த கையோடு அவரை வாங்கிக்கொள்ள முன்னுக்கு வந்தது. அவர் இந்தத் தடவையாவது ஒழுங்காக வரவேண்டும் என்று இடப்பக்கம் திருத்தினார், மலை அவருக்காக வலப்பக்கம் ஒதுங்கியது. அவர் வலப்பக்கம் வந்தார், அது இடப்பக்கம் போயிற்று. ஒடுக்கமான சந்தில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு மரியாதைக்காரர்கள் மாதிரி அவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசி நேரத்தில் விமானத்தை ஒடித்துத் திருப்பிப் பள்ளத்தாக்கில் ஒரு வட்டம் அடித்தார். மறுபடி வந்தார். மலைக்கு ஆவல் தாங்கவில்லை. விளிம்பை அது நீட்டிய வேகத்தில் பாறைகள் உருண்டு பள்ளத்தில் விழுந்தன, பள்ளிக்கூடத்தை ஒட்டித் தரை வாய் பிளப்பது மேலிருந்தே தெரிந்தது, சனங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. இன்னொரு தடவை அது தாங்காது என்பது விமானம் ஓட்டத் தெரியாதவர்களுக்கே தெரிந்திருக்கும்.

மறுபடியும் திருப்பினார். பக்கவாட்டுச் சின்னச் சன்னலைத் திறந்தார். காற்று உள்ளே அறைந்தது. கேப்டன் வைகுண்டநாதன் மலையைப் பார்த்து, வீட்டில்கூட எழுப்பாத குரலில் சொன்னார்.

"போதும். நீ செஞ்சதெல்லாம் போதும். அப்படியே இரு, நான் வர்றேன். விழுந்தா நானே விழுந்துக்கிறேன்."

"நானும் உள்ள இருக்கேன் தம்பி," என்றாள் பொம்மக்கா. "அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க."

மலை நின்றது. அடம்பிடிக்கிற பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிவிட்டுக் கையை எடுத்த தகப்பன் எப்படி நிற்பானோ அப்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கல் உருளாமல் நின்றது. அவர் கண்ணை மூடவில்லை. மூடாமல் ஒரு ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டே வருவது எவ்வளவு பயங்கரமான காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. விளிம்பு வந்தது, மூக்கை உயர்த்தினார், சக்கரம் விளிம்பு மண்ணைச் சீவிக்கொண்டு மேலே ஏறியது, டமாரென்று தரையில் அடித்துக் குதித்தது, மறுபடி அடித்தது, மறுபடி குதித்தது, ஒரு சக்கரம் கழன்று தனியாக ஊருக்குள் போயிற்று, விமானம் மட்டும் ஒருக்களித்துக்கொண்டு மேடேறி, தடம் மாறி, சன்னாசியின் அவரைப் பந்தலுக்குள் மூக்கை நுழைத்து, பந்தலோடு அரைவட்டம் சுற்றி நின்றது. புழுதி அடங்கியது. தலையிலிருந்த அவரைக்கொடியை எடுத்துவிட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் பார்த்தார். பொம்மக்கா உட்கார்ந்திருந்தாள், முழுசாக.

"எப்படிக்கா இருந்துச்சு?"

அவள் யோசித்தாள்.

"படுமோசம் தம்பி," என்றாள். "பொறந்ததுலேருந்து இப்படி ஒண்ணப் பாத்ததில்ல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினார். இறங்கிய இரண்டாவது அடியில் முழங்கால் இரண்டும் மடங்கி, உள்ளங்கை இரண்டும் மண்ணில் ஊன்ற, நெற்றி தரையைத் தொட்டது. ஓடிவந்த ஊர் சட்டென்று நின்றது. ஆபத்திலிருந்து காத்த மலையைக் கேப்டன் விழுந்து கும்பிடுகிறார் என்று முன்னால் நின்றவர்கள் கையெடுத்தார்கள், அதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் கையெடுத்தார்கள், சன்னாசி நசுங்கிய பந்தலைப் பற்றிக் கேட்க வந்ததை மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பழைய கேப்டனாக இருந்தால் அப்படியே கொஞ்ச நேரம் கிடந்து, பிறகு கம்பீரமாக எழுந்திருப்பார்.

"கும்பிடலங்க," என்றார் வைகுண்டநாதன் மண்ணிலிருந்து. "எந்திரிக்க முடியல. யாராவது ஒரு கை குடுங்க."

ஒரு கையைப் பொம்மக்கா பிடித்தாள், இன்னொரு கையைச் சன்னாசி பிடித்தார். அவர்கள் இழுக்க, அடியிலிருந்து மண்ணும் தன் பங்குக்கு லேசாக ஒரு தள்ளுத் தள்ளியது. இந்தத் தடவை அது அவருக்குத் தெரிந்தது.